ஜனவரி ஒன்று

பக்கத் தகட்டின் இரண்டு திருகுகளில்
ஒன்று எப்போதோ தொலைந்துவிட்டது.
இன்னொன்றைக் கழற்ற நகமே போதும்.
மாதத்தின் முதல் ஞாயிறு, அடுப்பு அணைந்த பிறகு,
கணக்கறை மேசையில் அதை ஒருக்களித்துக் கிடத்தித்
திறக்கிறேன்.

உள்ளே மாவு.
கியூம்ரியில் மற்றவர்களின் கணினிக்குள்
தூசு சேரும்.
ரொட்டிக்கடையில் இது சேரும்,
விசிறியின் ஏழு இதழ்களிலும்
சன்னமாய், பிடிவாதமாய்.
இன்னும் கொஞ்சம் ஈரம் கிடைத்திருந்தால்
புளித்துப் பொங்கி
அடுப்புக்கு வழி கேட்டிருக்கும்.

ரொட்டிக்கு முட்டை தடவும் தூரிகைகளில்
பழசானது ஒன்று என்னிடம் இருக்கிறது.
துடைக்கும்போது விசிறியை ஒரு விரலால்
அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.
சுழலவிட்டு ஊதினால் அச்சு போய்விடும்.
இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.
முதல் விசிறியை நான்தான் கொன்றேன்.

முதலாளியின் மருமகன் ஹ்ராய்ர்
யெரெவானிலிருந்து வரும்போதெல்லாம் சிரிக்கிறான்.
"மாரோ, இதை எடைக்குக்கூட எடுக்க மாட்டார்கள்."
புதியதன் விலையை அவன் சொல்லச் சொல்ல
நான் ரொட்டியாக மாற்றிப் பார்க்கிறேன்.
ஆயிரத்து நூற்று நாற்பது.
நாளுக்கு ஒன்றென்று தின்றாலும் மூன்று வருடம்.
தின்று முடித்துவிட்டு வா, வாங்கலாம் என்றேன்.

அவன் இதைப் பிடிவாதம் என்கிறான்,
முதலாளி பாசம் என்கிறார்.
பாசமெல்லாம் ஒன்றுமில்லை.
பனிக்காலக் காலைகளில் அது எழுந்திருக்க எடுத்துக்கொண்ட நேரத்தில்
நான் திட்டிய திட்டுகளை
இங்கே எழுத முடியாது.

நான்கு மணிக்குப் பெரிய அடுப்பு விழிக்கும்போது
தெருவிளக்கே ஒருமுறை கண்சிமிட்டும்.
அப்படி ஒரு நாள் மின்பெட்டி கருகியது. மாற்றினேன்.
வட்டு கரகரக்கத் தொடங்கிய அன்றே
எல்லாவற்றையும் வேறிடத்தில் எழுதி வைத்தேன்.
எட்டாம் நாள் அது செத்தது,
அழ வேண்டியிருக்கவில்லை.
அதனிடத்தில் சுழலாத, சத்தமில்லாத ஒன்று வந்தது.
அதற்குப் பிறகு திட்டுவதற்கு நேரம் கிடைப்பதில்லை.
மூளையின் மேல் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்த பசையைச்
சுரண்டிவிட்டுப் பயறளவு புதிது வைத்தேன்.
விசைப்பலகை மூன்றாவது.
முதல் நாளிலிருந்து இருப்பவை
தாய்ப்பலகையும்
மூட்டை விழுந்து நெளிந்த இந்தப் பெட்டியும்தான்,
பிறகு நான்.

போன பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை.
வண்டி கிளம்பிப் போய்விட்டது.
பள்ளிச் சமையலறையிலிருந்து வார்செனிக் அழைத்தாள்.
"பில்லில் என்ன, இரண்டாயிரத்துப் பத்து,
ஜனவரி ஒன்று என்று போட்டிருக்கிறாய்?"
திரையின் மூலையைப் பார்த்தேன்.
ஆமாம். புத்தாண்டு.
"தேதி பழசென்றால் விலையும் பழசுதானே?"
சிரித்தோம்.
அன்றைக்கு ஒரு ரொட்டி என்ன விலையென்று
இருவருக்குமே துல்லியமாக ஞாபகம் இருந்தது.
அப்புறம் கொஞ்ச நேரம்
இரண்டு பக்கமும் பேச்சில்லை.

கடிகாரம் பழுதுபார்க்கும் அவாக்
நாணயம் போன்ற அந்த பேட்டரியை எடுத்து வைத்தான்.
"எந்தக் கடிகாரத்துக்கு?"
"மாவு தின்னும் ஒன்றுக்கு."
அவன் கேட்ட காசு சரியாக ஒரு ரொட்டி.

பழையதை நகத்தால் நெம்பினேன்.
ஐந்து வருடம் தாங்கும் என்பார்கள் இவற்றை.
பதினைந்து இழுத்திருக்கிறது,
ஊரே இருண்ட இரவுகளிலும்
தாய்ப்பலகையின் ஓரத்தில் தனியாக விழித்திருந்து
நாள் எண்ணிக்கொண்டு.
குப்பைக் கூடைவரை கொண்டுபோய்
மேசை இழுப்பறையில் போட்டேன்.
(பாசம் இல்லை என்று முன்பே சொன்னேன்.)

புதியது உட்கார்ந்ததும் திரை கேட்டது:
இன்று என்ன தேதி?
கைபேசியைப் பார்த்து நிரப்பினேன்.
நேரத்தை மட்டும் நான்கு நிமிடம் முன்னால் வைத்தேன்,
வண்டி ஓட்டும் கெவோர்க்குக்காக.
முப்பத்தெட்டு பில்களையும் திரும்ப அடித்தேன்.
வார்செனிக்கின் பில்லில் ஒரு ரொட்டியைக் கழித்து
காரணம் என்ற கட்டத்தில்
தேய்மானம் என்று எழுதினேன்.