நானூற்று இருபத்தெட்டு கிலோ

எஸ்டோனியாவின் வடக்கே
எங்கள் சுண்ணாம்புச் சூளைக்கு
அந்தப் பனிக்காலத்தில்தான் மேடைத் தராசு வந்தது.
அதுவரை கூடைக் கணக்கு.
இத்தனை கூடைக் கல் உள்ளே போகும்,
ஏறத்தாழ அத்தனை கூடை வெளியே வரும்.
வெந்தாலும் கல் அவ்வளவாகச் சுருங்குவதில்லை.
யாருக்கும் யார்மேலும் சந்தேகம் இருந்ததில்லை.

சூளையைப் புதிதாக வாங்கிய ரோசன்வால்ட்
கூடைகளை நம்பாதவர்.
எடைப்புத்தகம் என் பொறுப்பு.
முதல் வாரமே எழுதினேன்:
உள்ளே, ஆயிரம் கிலோ.
வெளியே, ஐந்நூற்று எழுபத்திரண்டு.
அடியில் சிவப்பு மையில்
குறைவு 428.

இரவில் நெருப்பைப் பார்த்துக்கொண்டவன் வில்லெம் காசிக்.
பனியில் சறுக்குவண்டித் தடம் வேறு.
ஏரிக்கு மீன்பிடிக்கப் போன யாருடையதோ.
"எரிந்த கல் இலேசாகும்" என்றான் வில்லெம்.
"எவ்வளவு?" என்றார் முதலாளி.
அவன் உள்ளங்கையை விரித்து
மேலும் கீழும் மெல்ல அசைத்தான்.
பதினெட்டு ஆண்டுகள் கல் தூக்கிய கை.
நான் அதை எழுதிக்கொள்ளவில்லை.
என் புத்தகத்தில் கைக்குப் பத்தி கிடையாது.

இரண்டு மாதச் சம்பளம் பிடித்துக்கொண்டு
அவனை அனுப்பினார்கள்.
கையெழுத்து வாங்கியதும் நான்தான்.

பிப்ரவரியில், மாலைப் பள்ளியில், வேதியியல்.
பலகையில் ஒரு கணக்கு.
கால்சியம் நாற்பது,
கார்பன் பன்னிரண்டு,
ஆக்சிஜன் பதினாறு, அது மூன்று முறை.
கூட்டினால் நூறு.
இவ்வளவு முழுசான எண்ணை
எந்தச் சூளையும் எனக்குத் தந்ததில்லை.

மோல் என்றதும் மற்றவர்கள் முனகினார்கள்.
எனக்கு அது கடைக்காரர் சமாச்சாரம்.
ஆணியை யார் எண்ணித் தருகிறார்கள்?
நிறுத்துத்தான் போடுகிறார்கள்.
ஒன்றின் எடை தெரிந்துவிட்டால்
எடையே எண்ணிக்கை.
இங்கே ஆணி கண்ணுக்குத் தெரியாது,
ஆறுக்குப் பின்னால் இருபத்து மூன்று சுழியம் போட்டால்தான்
ஒரு பிடி தேறும். அவ்வளவே வித்தியாசம்.

சுண்ணாம்புக்கல் ஒரு மோல், நூறு கிராம்.
சுட்டால் ஐம்பத்தாறு நீற்றாத சுண்ணாம்பு,
நாற்பத்து நான்கு
புகைபோக்கி வழியே போகும் வாயு.
ஓர் அணுகூடத் தொலைவதில்லை.

என் பேனா நின்றது.

ஆயிரத்துக்கு ஐந்நூற்று அறுபதுதான் வரவேண்டும்.
என் புத்தகத்தில் பன்னிரண்டு கூடுதல்.
கணக்குப்படி வில்லெம்
பன்னிரண்டு கிலோவைத் தன் வீட்டிலிருந்து
கொண்டுவந்து கொட்டியிருக்கிறான்!

மறுநாள் சூளைக்கல்லில் நூறு கிராம் நிறுத்து
பள்ளி அமிலத்தில் கரைத்தேன்.
பொங்கி அடங்கியபின்
அடியில் இரண்டே முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைவாகச் சேறு,
அதில் கடுகளவு சிப்பி ஒன்று,
எந்தக் கடலிலோ செத்தது.
ஆக ஆயிரத்தில் இருபத்தேழு வேகாத மண்.
மிச்சம் 973.
மோலில் 9730.
நாற்பத்து நான்கால் பெருக்க
428 கிலோ, நூற்றிருபது கிராம்.
அந்த நூற்றிருபதை மன்னித்துவிட்டேன்.

ரோசன்வால்ட் தாளை மூன்று முறை படித்தார்.
"அப்படியானால் காற்றையும் எழுத வேண்டுமா?"
கோடு கிழித்து இன்னொரு பத்தி சேர்த்தேன்.
சம்பளத்தைப் பற்றி
அவர் வாயைத் திறக்கவில்லை;
இரண்டு நாள் அவர் மேசை முன்னாலேயே நின்றேன்.

வில்லெம் கோத்லாச் சுரங்கத்தில் இருப்பதாகச் சொன்னார்கள்.
பணத்தோடு கணக்கையும் வைத்து அனுப்பினேன்,
ஒரு வரியும் விடாமல், அலகுகளோடு.
எங்கே தப்பு செய்தேன் என்பதை மட்டும்
எந்த அலகில் எழுதுவது என்று தெரியாமல்
கடைசியில் வெறுமனே எழுதினேன்.

ஏப்ரலில் ஓர் அஞ்சலட்டை வந்தது:
"பணம் கிடைத்தது. கணக்கு புரியவில்லை,
ஆனால் விடை சரி, என் கைக்குத் தெரியும்.
ஒன்று கேட்க வேண்டும்.
அந்த 428இல்
நான் சுவாசித்தது எத்தனை?"

பேனாவை எடுத்து
அவன் உயரத்தை, இரவுகளை, காற்றின் திசையை
எழுத ஆரம்பித்தேன்.
இன்னும் முடிக்கவில்லை.