கல்முனை தாண்டி

பொத்துவிலில் இருந்து வரும் முதல் பஸ்
தம்பிலுவில் சந்திக்கு ஐந்தேகாலுக்கு வந்தது.
யன்னலோரம் இருந்தேன்.
மடியில் இரசாயனவியல்,
வயிற்றில் ஒரு பிளேன்டீ, இரண்டு பிஸ்கட்.

முதல்நாள் இரவு இரண்டரை வரைக்கும்
உயிரியல் கட்டுரை எழுதினேன்:
‘நித்திரைக்கும் கூம்புச் சுரப்பிக்கும்
உள்ள தொடர்பை விளக்குக.’
விளக்கினேன்.
இருளில் மெலற்றோனின் சுரக்கும்,
வெளிச்சம் அதைத் தடுக்கும் என்று
போன் வெளிச்சத்தில் எழுதினேன்.
படம் பிடித்துக் குழுவில் போட்டேன்.
பதினைந்துக்குப் பதினாலு என்று
வினோஜிதா அந்த நிமிடமே பதில் போட்டாள்.
அவளும் படுக்கவில்லை.
ஒருத்தரும் படுக்கவில்லை.
நீலச் சரிக்குறிகள்
ஒவ்வொரு கூரைக்குக் கீழும்
கண் திறந்து கிடந்தன.

மறுகா படுத்தேன்.
ரின்னில் அடைத்த அந்தச் சோடா
நெஞ்சுக்குள் மேளம் அடித்தது.
கண்ணை மூடினால்
வெட்டுப்புள்ளி ஓடுகிறது,
தசமத்துக்குப் பிறகு நாலு தானம்,
நாலாவது தானத்தில் நான் தொங்குகிறேன்.

நிந்தவூர் வரைக்கும் ஞாபகம்.
கடல் பக்கம் வெளுத்துக்கொண்டு வந்தது.
புத்தகத்தில் சமநிலை மாறிலி,
ஒரே வரியை மூன்றாம் தடவை வாசிக்கிறேன்.
மறுகா
ஒன்றுமில்லை.

கனவுகூட இல்லை.

‘ஆரையம்பதி, ஆரையம்பதி’ என்று
கம்பியில் காசு தட்டும் சத்தம்.
கொண்டக்டர் குனிந்து பார்க்கிறார்.
‘கல்முனைக்குத்தானே டிக்கற் எடுத்த நீங்க?
எழுப்பின நான், எழும்பல்ல.’
மிச்சக் காசு கேட்கவில்லை.
கன்னத்தில் யன்னல் கம்பியின் அச்சு.
ஏழு பத்து.
வகுப்பு தொடங்கி நாற்பது நிமிடம்.

ஒரு நித்திரை வட்டம் தொண்ணூறு நிமிடம் என்று
மனப்பாடம் செய்திருக்கிறேன்.
எழுபது கிடைத்திருக்கிறது.
இருபது கடன்.

சந்திக் கடையில் இடியப்பம்.
எனக்குப் பசிக்கிறதில்லை என்று
வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.
பொய்யில்லை, அது உண்மையாகத்தான் இருந்தது,
சொதியின் ஆவி மூக்கில் ஏறும் வரைக்கும்.
ஐந்து, மறுகா இன்னும் மூன்று,
பருப்பு, ஒரு அவித்த முட்டை.
கடைக்காரர் என் சீருடையைப் பார்த்தார்,
ஒன்றும் கேட்காமல்
சம்பல் கோப்பையைக் கிட்டத் தள்ளினார்.

போனைத் திறந்தேன். பதினேழு.
‘எங்க நீ’
‘சேர் புதுத் தாள் தந்தவர்’
‘மூன்றாம் கேள்வி நிச்சயம் வருமாம்’
‘எங்க நீ’
கை நடுங்கியது.
தொண்டைக்குள் இடியப்பம் நின்றது.
நெஞ்சு இடிக்கிறது, வியர்க்கிறது,
இதற்கும் ஒரு ஓமோன் இருக்கிறது,
அதன் பெயரும் தெரியும்,
எந்தச் சுரப்பி என்றும் தெரியும்.
தெரிந்து என்ன?
தண்ணீர் குடித்தேன்.
மெல்ல இறங்கியது.

திரும்பும் பஸ்ஸில் நித்திரை வரவில்லை.
பெரியகல்லாற்றில்
ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல்,
இரண்டும் ஒரே வெயிலில்.
வரும்போதும் இதால்தான் வந்திருக்கிறேன்.

கல்முனையில் இறங்கவில்லை.
இறங்கியிருக்கலாம்.
இரண்டாம் மணித்தியாலத்துக்குப் போயிருக்கலாம்.
கிறுகிப் பார்த்தேன்,
ரியூசன் பதாகையில்
போன வருடத்துப் பிள்ளைகளின் முகங்கள்
பாஸ்போட் அளவில் சிரித்தன.
எல்லாருக்கும் கண்ணுக்குக் கீழே
ஒரே நிழல்.
அச்சுப் பிழையாக இருக்கலாம்.

‘வகுப்பு எப்படிப் பிள்ள?’
‘நல்லம்’ என்றேன்.
இனி யாராவது சொல்லித் தெரியவரும்,
வரட்டும்.

இரவு பத்து மணி.
குசினியில் அரிசி வாளியைத் திறந்து
போனை உள்ளே புதைத்தேன்.
அம்மா எட்டிப் பார்த்தா.
‘என்னடி, தண்ணிக்க விழுந்துட்டா?’
‘ஓம்’ என்றேன்.

விளக்கை அணைத்துப் படுத்த பிறகு
சுவருக்கு அந்தப் பக்கம்
அரிசிக்குள் ஏதோ
ஒரு தடவை அதிர்ந்தது.
மறுகா இன்னொரு தடவை.

மூன்றாவதை
நான் கேட்கவில்லை.