சும்மா இருந்த கால்

கிளட்ச் இல்லை.
கிண்டி சிக்னலில் இடது கால்
வெறும் தரையை மிதித்துப் பார்க்கிறது,
கரன்ட் போன ராத்திரியில்
செருப்பைத் துழாவுகிற மாதிரி.

“அந்தக் காலுக்கு இனி வேலையே இல்ல மேடம்”
ஷோரூம் பையன் இன்பசேகர்.

பிரேக்கை விட்டால் தானாக ஊர்கிறது
முன்னால் நிற்கும் பஸ்ஸின் புகையை நோக்கி.

கத்திப்பாரா ஏற்றம்.
இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகுமுன்
ஒரு கணம் தயங்குகிறது,
கைமாற்று கேட்டால் என் அண்ணன்
பேச்சை நிறுத்துவானே, அப்படி.
பின்னால் தண்ணீர் லாரி அலறுகிறது.
ஏசியை அணைக்கிறேன்; ஏறிவிடுகிறது.
வேர்ப்பது எங்கள் இருவருக்கும்தான்.

அவன் மைலேஜ் சொல்கிறான். தவணை சொல்கிறான்.
ஒன்பது வருடம் வேளச்சேரி நெரிசலில் தேய்ந்த முட்டி
எதையும் நம்பாமல் மடங்கியே இருக்கிறது.

இறங்கும்போது பார்த்தால்
மரத்துப்போயிருக்கிறது
சும்மா இருந்த கால்.