நட்டு

பின்னேர ஷிப்ட் முடிந்து வீடு வரப் பதினொன்றரை.
சப்பாத்தும் கழற்றாமல் நேரே பின்வளவுக்கு.
வாயில் டோர்ச், வலக்கையில்
மகளின் பெயின்ட் பெட்டியில் எடுத்த மெல்லிய தூரிகை.

புடலை இரவில்தான் பூக்கும்.
வெள்ளைப் பூ. ஓரமெல்லாம் பிய்ந்த நூல்,
தைத்துக்கொண்டிருந்தவளை
யாரோ பாதியில் எழுப்பிவிட்டதுபோல.
அதைத் தேடி வர ஒரு அந்துப்பூச்சி உண்டாம்.
வின்ட்ஸரில் அதற்கு எங்கள் விலாசம் தெரியாது.
ஆகவே நான்.

ஆண்பூவில் தொட்டு, பெண்பூவில் வைத்து,
தொட்டு, வைத்து.
ஜூலை முழுக்க ஆண்பூ மட்டும்,
ஃபாக்டரி வாசலில் சிகரெட் பிடிக்கும் கூட்டம்போலக்
கொத்துக் கொத்தாய்.
இருபத்தாறு இரவு எண்ணினேன்.
அடுத்த இரவு ஒருத்தி வந்தாள்,
விரல் நீளப் பிஞ்சைப் பின்னால் தூக்கிக்கொண்டு.

"என்ன தொலைத்தாய்?"
வேலிக்கு அப்பாலிருந்து நஜாத்.
ஒன்றுமில்லை, கல்யாணம் செய்து வைக்கிறேன் என்றேன்.
என் ஆங்கிலத்தில் அது எப்படிக் கேட்டதோ,
மறுநாள் ஒரு தட்டு பக்லாவா வந்தது,
யாருக்குக் கல்யாணம் என்ற கேள்வியோடு.
தட்டை வாங்கிக்கொண்டேன்.

பிஞ்சு நீண்டு சுருளத் தொடங்கிற்று.
நுனியில் கல் கட்டவேண்டும்.
கடையில் மூட்டையாய் விற்கும் கல் வழுவழுப்பு,
கயிறு நிற்காது.
லைனில் கழித்துப் போட்ட நட்டு கொஞ்சம்,
புரி பிழைத்தவை,
சூப்பர்வைசரிடம் கேட்டே எடுத்தேன்.
எதற்கு என்றான் டெரெக்.
காய்க்கு என்றேன்.

நட்டதும் நான். நட்டுக் கட்டியதும் நான்.
இந்தப் பகிடியைச் சொல்ல அங்கே ஆளில்லை.
வீட்டில் சொன்னேன்.
"அம்மா" என்றாள் அபிரா,
அவ்வளவுதான்.

ஆகஸ்ட் மூன்றாம் கிழமை லைன் நின்றது.
பாகம் வரவில்லை என்றார்கள்.
பிறகு ஷிப்டே இல்லை என்றார்கள்.
கடிதத்தில் 'தற்காலிகமாக' என்ற சொல்
மூன்று இடத்தில்.

அன்று பொழுதுபடும் நேரம்
முதல்தடவை வளவில் நிற்கிறேன்.
இத்தனை நாளும் விரிந்த பூவைத்தான் பார்த்தவள்.
மொட்டு வாய் திறந்தது.
உள்ளே சுருட்டி வைத்த இழைகள்
ஒவ்வொன்றாய் உதறி வெளியே வந்தன.
பிய்ந்ததல்ல.
மடித்து வைத்திருந்தது.

தூரிகையை நனைக்க மறந்து நிற்கையில்
காதருகே ஒரு உறுமல்.
குருவி என்று நினைத்தேன்.
அந்தரத்தில் நின்று, நீளக் குழலை நீட்டிப்
பூவுக்குப் பூவாய்க் குடித்துப் போயிற்று
விலாசம் தெரியாதது.

அபிரா போனில் தேடிப் படம் காட்டினாள்.
இதன் புழுதான்
வாலில் கொம்புள்ள அந்தப் பச்சைப் புழு.
தக்காளியில் பிடித்துப் பிடித்து
சவர்க்காரத் தண்ணீரில் நான் போட்டது.
பதினேழு.
வாளி இன்னும் குழாயடியில்தான் இருந்தது.

இப்போது விட்டுவிடுகிறாயா என்று கேட்காதீர்கள்.
தக்காளி விலை தெரியும், வேலையும் இல்லை.
வேலியோரச் செடி ஒன்றை மட்டும்
நான் பார்ப்பதில்லை.
இலை குறைகிறது.

நேற்று முதல் காய் வெட்டினேன்.
மூன்றடி, நூல் பிடித்த நேர்.
நஜாத்துக்குப் பாதி, கல்யாண வீட்டுச் சாப்பாடு என்று.
நட்டை அவிழ்த்துக் கழுவித்
துடைத்துச் சட்டைப்பையில் போட்டிருக்கிறேன்.
கூப்பிட்டால்
திருப்பிக் கொடுக்கலாம்.