கம்பியைப் பிடிக்காமல்

கால்களைச் சேர்த்து வையுங்கள், கைகளை நீட்டுங்கள்,
இப்போது கண்ணை மூடுங்கள் என்றார்
டாக்டர் மெஹருன்னிசா.
மூடினேன்.
மன்னார்குடியே ஒரு பக்கமாகச் சரிந்தது.
நர்ஸ் தோளைப் பிடித்தாள்.

காதுக்குள் ஏதோ நீர்மட்டம் கெட்டுவிட்டதாம்.
ஆறு வாரம் வண்டி ஏறக் கூடாது.

பத்தொன்பது வருடம்
கும்பகோணம் தடத்தில்
கம்பியைப் பிடிக்காமல் நின்றவன்.
ஒரு கையில் பை, மறு கையில் மிஷின்,
மூன்றாவது கைக்கு எங்கே போக?
அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு,
கோரையாறு, பாமணி:
தண்ணீரைப் பார்த்தல்ல,
முட்டி மடங்கும் அளவில்தான்
எது எந்த ஆறென்று தெரியும் எனக்கு.
வலங்கைமான் வளைவுக்கு முன்பே
இடுப்பு வளைந்துவிடும்.
நான் அதனிடம் சொன்னதில்லை.
அதுவும் என்னைக் கேட்டதில்லை.
அது, நான் என்று இரண்டு பேர் இருப்பதே
ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது.

டெப்போவில் நாற்காலி கொடுத்தார்கள்.
அசையாத தரை என்னமாய் அசைகிறது!
வீட்டில் டம்ளரைக்கூடப் பார்த்துப் பார்த்துத் தூக்கினேன்.
பார்க்காதவரை சிந்தியதே இல்லை.
"ஏன், திருடுற மாதிரி எடுக்கிறீங்க?"
என்றாள் கோமளவல்லி.

ஏழாவது வாரம், திங்கள், முதல் நடை.
அந்தோணிதாஸ் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே
மெதுவாக எடுத்தான். கூச்சமாக இருந்தது.
பாதங்களைக் கவனித்தேன்.
இது வலது. எடை இங்கே. இப்போது இடது.
பார்க்கப் பார்க்க அவை
யாரோ விட்டுப்போன செருப்புகளாயின.
பாமணிப் பாலத்தில் தடுமாறி
ஒரு உளுந்து மூட்டைமேல் உட்கார்ந்தேன்.
மூட்டைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.
லக்கேஜ் டிக்கெட் எடுக்கவில்லை, அதனால் இருக்கலாம்.

நீடாமங்கலம் கேட். சரக்கு ரயில்.
ஓடி வந்து ஏறியவர்கள் போக
இன்னும் பத்துப் பேருக்கு இடம் இருந்தது என்று
அவர்களும் ஏறினார்கள்.
கேட் தூக்கியதும் எல்லா வண்டியும் ஒன்றாகப் பாய,
பின்படியருகே, முடிந்த நாற்றாய் நெருங்கிய கூட்டத்துக்குள்ளிருந்து
ஒரு கை மட்டும்,
முழங்கைவரை சேறு காய்ந்த கை,
நோட்டை நீட்டியது:
"வலங்கைமான் ஒண்ணு."

நீட்டினேன்.
மூன்று சீட் தாண்டி, ஒரு குழந்தையின் தலைக்கு மேலாக.
நோட்டு, சீட்டு, சில்லறை.
நிமிர்ந்தபோது
வெண்ணாறு பின்னால் போயிருந்தது.
எப்போது ஏறினோம், எப்போது இறங்கினோம்?
கால்கள் இருந்தனவா?
இருந்திருக்க வேண்டும்.
அந்தக் கை இன்னும் அங்கேயே நின்று
பாக்கி இரண்டு ரூபாய் கேட்டுக்கொண்டிருந்தது.