பிசுக்கு

எங்கே சாப்பிடலாம் என்று
என்னைத்தான் கேட்கிறார்கள்,
லிட்டோவின் மச்சினியும்
ஸ்பிரிங்வேல் ஸ்டேஷனில் அவளோடு இறங்கும்
ஆபீஸ் கூட்டமும்.
நட்சத்திரம் எண்ணத் தெரியாது எனக்கு.
அடுப்புக்கு மேலே தொங்கும் தகரக் கூண்டுக்குள்
இடுப்புவரை நுழைந்து
எண்ணெய்ப் பிசுக்குச் சுரண்டுகிறவன்.
இரவு பதினொன்றரைக்கு மேல்,
கடைகள் நாற்காலிகளைக் கவிழ்த்த பிறகு,
லிட்டோ ஏணி பிடிப்பான்.
நான் ஏறுவேன்.

பெங்கின் சிச்சுவான் கடையில்
பிசுக்கு சிவப்பு.
சுரண்டும்போதே கண் எரியும்,
முகமூடிக்குள் மூன்று தும்மல்.
மீனை மிளகாயில் புதைப்பதில்லை அந்த மனிதர்,
மிளகாயை மீனுக்குக் காவல் வைக்கிறார்.
தனியாகப் போகாதீர்கள்.
ஒருவர் அழும்போது
இன்னொருவர் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

கிம் துயெனின் நொய்ச்சோற்றுக் கடையில்
கூண்டெல்லாம் கருகிய சர்க்கரை, எலுமிச்சம்புல்.
கரியடுப்பில் விலாக்கறியைத் திருப்பிப் போட
இடுக்கி தேடமாட்டாள்,
விரல்களே போதும்.
சனிக்கிழமை பன்னிரண்டு தாண்டினால்
பொரித்த முட்டைதான் மிஞ்சும்.
அதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

துர்சுனாய் கடையில் சீரகம்.
ஆட்டுக்கொழுப்பு மெழுகாய் உறைந்திருக்கும்;
வெந்நீர் பட்டதும்
அறையே ஆட்டுப்பட்டி.
மாவை இழுத்து இழுத்து மேசையில் அவர் அறைகிற சத்தம்
பக்கத்துப் பல் டாக்டருக்கு ஆகாது.
மனு எழுதிப் போட்டார்.
எழுதிய கையோடு
மதியச் சாப்பாட்டுக்கு அங்கேதான் வந்தார்.

சைவமா?
மாடியில் ஒரு பௌத்தக் கடை உண்டு.
கோழி மாதிரி இருக்கும், கோழி இல்லை.
வாத்து மாதிரி இருக்கும், வாத்தும் இல்லை.
ஏன் இந்தப் பாடு என்று
நான் கேட்டதில்லை.

ஐந்நூறு பேர் உட்காரும் அந்த விருந்து மண்டபம்...
வேண்டாம். வாய் திறக்கமாட்டேன்,
இன்னும் இரண்டு பில் பாக்கி.

போன வியாழக்கிழமை,
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்,
தையல்கடைக்கும் சாவி வெட்டும் கடைக்கும் நடுவே
சோவன்னாரித்தின் நூடுல்ஸ் கடை.
ஏறிச் சல்லடையைக் கழற்றினேன்.
தலைவிளக்கின் வெளிச்சம் அதில் பட்டு
என் முகத்திலேயே திரும்பி அடித்தது.
மூன்று மாதம் முன்பு நான் தேய்த்த தேய்ப்பு,
கோடு அழியாமல், அப்படியே.

கீழிருந்து லிட்டோ கேட்டான்:
'என்ன, ரொம்ப மோசமா?'
'ரொம்ப மோசம்' என்றேன்.

சோவன்னாரித் கல்லாவில் நின்று
கொஞ்சமே இருந்த நோட்டுகளை
இரண்டாம் முறை எண்ணிக்கொண்டிருந்தார்.
'சான்றிதழ் காலாவதி ஆகுதே,
கழுவித்தானே ஆகணும்' என்றார்.
சுத்தமான தகரத்தை
முக்கால் மணி நேரம் தேய்த்தேன்.
அப்படி ஒரு வேலையை நான் செய்ததே இல்லை.

பணத்தை நீட்டியவர்
'உட்காருங்க' என்றார்.
ஒரு மணிக்கு அடுப்பு பற்றியது.
பன்றியெலும்புச் சாறு,
காய்ந்த கணவாயின் தித்திப்பு,
அரிசி நூடுல்ஸ்,
மேலே பொன்னாய் வறுத்த பூண்டு, கை நிறைய.
எப்போதும் பேசும் லிட்டோ
கிண்ணத்தின் அடி தெரியும்வரை பேசவில்லை.
பிறகு இன்னொன்று கேட்டான்.

நான் அண்ணாந்து பார்த்தேன்.
துடைத்த தகரத்தில்
ஆவி ஏறி,
எண்ணெயின் முதல் புள்ளி.
துணி கையில்தான் இருந்தது.
துடைக்கவில்லை.

ஆகவே, கேட்டவர்களே,
சாவிக்கடையை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.
பெயர்ப்பலகையில் ஓர் எழுத்து எரியாது.
பத்துப் பேராய்ப் போங்கள்.
பூண்டு இன்னும் கொஞ்சம் என்று கேளுங்கள்,
கூச்சப்படாமல்.
மார்ச் மாதம் மறுபடி ஏறுவேன்.
கை வழுக்க வேண்டும் எனக்கு.