பவரா, சாதாவா

ராமமூர்த்தி நகர் பங்க்கில்
குழாயைத் தூக்குமுன் கேட்பாள் விண்ணரசி:
"பவரா, சாதாவா?"
ஏற்ற இறக்கம் இருக்காது,
கண்டக்டர் சில்லறை கேட்பது போல.
லிட்டருக்கு எட்டு ரூபாய் கூட.
அந்த எட்டுக்குள் என்ன இருக்கிறதென்று
அவளுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்:
இன்ஜின் சுத்தம், இழுவை, மைலேஜ்.
அவளிடம் வண்டி கிடையாது.
கஸ்தூரி நகரிலிருந்து நடந்து வருகிறாள்.

நான் ரத்தம் சுமப்பவன்.
விடிகாலையில் வீடு வீடாக எடுத்ததை
ஐஸ் பெட்டியில் அடுக்கி
இந்திரா நகர் லேபுக்கு ஓடுபவன்.
எண்பதாயிரம் ஓடிய ஸ்கூட்டர்,
பெட்ரோல் காசு என் கையிலிருந்து.
அதனால் ஒரு நோட்டுப் போட்டேன்.
இரண்டு மாதம் சாதா, இரண்டு மாதம் பவர்.
தேதி, ரூபாய், ஓடிய தூரம்.

சாதாவுக்கு நாற்பத்து நான்கு புள்ளி ஆறு.
பவருக்கு நாற்பத்தாறு.
எட்டு ரூபாய்க்குச் சாதாவே
மூன்றரைக் கிலோமீட்டர் ஓடும், அது வேறு.
ஆனாலும் ஜெயித்தது ஜெயித்ததுதானே,
விண்ணரசியிடம் சொல்லலாமென்று கிளம்பினேன்.
பாதி வழியில் உறைத்தது.
அந்த இரண்டு மாதமும் நான்
கையை முறுக்கவே இல்லை.
விலை கூடியதைக் குடிக்கிறதே என்று
பள்ளம் பார்த்து, பிரேக்கைத் தவிர்த்து,
மேம்பால இறக்கத்தில் சும்மா உருளவிட்டு,
முட்டைத் தட்டுக் கட்டியவன் மாதிரி
ஓட்டியிருக்கிறேன்.
போதாதற்கு நடுவில் ஒருநாள்
டயருக்குக் காற்றும் பிடித்திருந்தேன்.

தேசிங்கு டேங்கர் ஓட்டுகிறான்.
"தேவனகுந்தி டிப்போவுக்கு ஒருநாள் வாடா.
நீல லாரி, சிவப்பு லாரி, மஞ்ச லாரி
எல்லாம் ஒரே வரிசை, ஒரே குழாய்.
எண்ணெய்க்கு முதலாளி யாருன்னு தெரியாது.
பவர்னா கூட ஒரு கேன் மருந்து சேரும்.
கடல்ல கரைச்ச பெருங்காயம்பாங்களே, அந்த அளவு."
"அது வேலை செய்யுமா?"
"எனக்கு சீல் தெரியும், எடை தெரியும்.
வேலை நடக்கறது இன்ஜினுக்குள்ள.
நான் உள்ள போனதில்ல."

மருந்து என்றதும்
என் பெட்டி ஞாபகம் வந்தது.
ஒரே கையிலிருந்து ஒரே ஊசியில் இறங்கும் ரத்தம்
ஊதா மூடிக்குள் போனால் உறையாது.
சாம்பல் மூடிக்குள் சர்க்கரை குறையாது.
சிவப்பு மூடியில் உறைந்து மேலே தெளியும்.
அடியில் முன்கூட்டியே இட்டு வைத்த
கண்ணுக்கே தெரியாத ஒரு சொட்டு
ரிப்போர்ட்டைத் தீர்மானிக்கிறது.
போன வருஷம் குழாய் மாறி ஊற்றி
பொட்டாசியம் எகிறிவிட்டதென்று
நல்லா இருந்த மனுஷரை
நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓட வைத்தோம்.
சொட்டைக் கேலி செய்ய என்னால் முடியாது.
நம்பவும் முடியவில்லை.

மாதக் கடைசி, சனிக்கிழமை.
இன்று அவள் குரல் ஏறி இறங்கியது.
"பவரா... சாதாவா?"
சுவர்ப் பலகையில் அவள் பெயருக்கு நேரே
பதினொரு லிட்டர் பாக்கி.
எனக்கு முன்னால் நின்ற பெரிய கார்
கண்ணாடியை இரண்டு விரல்கடை இறக்கி
சாதா என்றுவிட்டு ஏற்றிக்கொண்டது.
"மூணு லிட்டர் பவர்," என்றேன்.
"நோட்டு முடிஞ்சு போச்சுன்னீங்க?"
"முடிஞ்சுது."
"அப்புறம் எதுக்கு?"
பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

டின் ஃபாக்டரியில் எதுவும் நகரவில்லை.
இன்ஜினை அணைத்தேன்.
பெட்டிக்குள் ஐஸ் இளகுவது
முதுகுக்குத் தெரிந்தது.
சுற்றிலும் நூறு வண்டி உறுமல்,
எவர் டேங்கில் எது என்று
காதை எவ்வளவு தீட்டியும் பிடிபடவில்லை.
பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து
என் ஸ்கூட்டரைத் தாடையால் காட்டினார்.
"எஷ்டு கொடுத்தே?"
நாற்பத்தைந்து என்றேன்.
அவர் நம்பவில்லை.